பந்து போய்ச் சேரும் கை: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், தொழில்முறைக் கூடைப்பந்தில் இதுவரை ஆடிய பாயிண்ட் கார்டுகளில் தலைசிறந்த பத்துப் பேரை வரிசைப்படுத்தித் தருமாறு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மேஜிக் ஜான்சன், ஸ்டீபன் கரி, ஆஸ்கர் ராபர்ட்சன், ஜான் ஸ்டாக்டன், ஐசையா தாமஸ், கிறிஸ் பால், ஜேசன் கிட், ஸ்டீவ் நாஷ், வால்ட் ஃப்ரேசியர், பாப் கூசி என்று நான் பதில் எழுதியிருந்தேன். இடம் போதாமையால் காரணங்களை எழுதவில்லை. அதனால் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், உதகை என்று நீலகிரியின் பல மூலைகளிலிருந்தும், மலை தாண்டிக் கொடைக்கானலிலிருந்தும்கூடக் கடிதங்கள் வந்திருக்கின்றன. முப்பது ஆண்டுகள் இந்த மலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில், இத்தனை பேர் இந்த ஆட்டத்தைப் பற்றி வாதாட முன்வந்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. இம்முறை பகுதி முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே.

ஆட்டத்தை அதிகம் பார்த்திராதவர்களுக்கு ஒரு சொல். களத்தில் நிற்கும் ஐவரில் பந்தை எதிரணியின் பாதிக்குக் கொண்டு சென்று, யார் எங்கே நகர வேண்டும், யாருக்கு எந்த நொடியில் பந்து போக வேண்டும் என்று முடிவு செய்பவரே பாயிண்ட் கார்ட். தொழில்முறை ஆட்டத்தில் 24 நொடிகளுக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும் என்பதால், அவர் யோசிக்கும் நேரமும் அதற்குள்தான் அடங்குகிறது. அவர் கொடுத்த பாஸை வாங்கியவர் உடனே கூடையில் போட்டால், கொடுத்தவர் கணக்கில் ஓர் அசிஸ்ட் ஏறும்.

கேள்வி: மூன்று புள்ளி ஷாட்டால் கூடைப்பந்தையே மாற்றியவர் கரி. எங்கள் கல்லூரி மைதானத்தில் இன்று முதலாண்டு மாணவர்கள்கூட நடுக்கோட்டுக்கு அருகிலிருந்தே ஷூட் செய்யப் பார்க்கிறார்கள். அப்படிப்பட்டவரை இரண்டாமிடத்தில் வைத்துவிட்டு, ஆட்டத்தை விட்டு எப்போதோ விலகிய மேஜிக் ஜான்சனை முதலிடத்தில் வைத்தது ஏன்?
(கல்லூரி மாணவர், குன்னூர்)

பதில்: கரி செய்த மாற்றத்தை நான் ஒரு நாளும் குறைத்துப் பேச மாட்டேன். 2015-16 சீசனில் அவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 402 முறை பந்தைக் கூடையில் இறக்கினார். அதற்கு முந்தைய சாதனை 286, அதுவும் அவருடையதே. 2021 டிசம்பரில், அதுவரை முதலிடத்திலிருந்த ரே ஆலனின் 2,973 என்ற மொத்தக் கணக்கைத் தாண்டினார். 2025 மார்ச்சில் 4,000-ஐத் தொட்டார். நான்கு சாம்பியன் பட்டங்கள், இரண்டு முறை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அதில் இரண்டாவதை, வாக்களித்த ஒருவர்கூட மாற்றுப் பெயர் எழுதாமல் வாங்கிய முதல் ஆள் அவர். இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, பந்தைத் தொடாமலேயே அவர் செய்யும் வேலை. கோட்டுக்கு வெளியே அவர் சும்மா ஓடினாலே எதிரணியில் இருவர் அவர் பின்னால் ஓடுகிறார்கள். மீதி மூவர் நால்வரைக் காக்க வேண்டியதாகிறது. தன் தோழர்களுக்கு இதைவிடப் பெரிய உதவியை ஒருவர் செய்துவிட முடியாது.

ஆனால் சென்ற இதழில் வாசகர் கேட்டது தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்பதையல்ல, தலைசிறந்த பாயிண்ட் கார்ட் யார் என்பதை. நான் மேலே சொன்ன அந்த 402 சீசனிலேயே, அவருடைய வாரியர்ஸ் அணியில் ஒரு மேட்சுக்கான அசிஸ்ட் சராசரியில் கரியை முந்தியவர் டிரேமண்ட் கிரீன். பந்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பைக் கிரீன் தாங்கியதால்தான் கரி அப்படி ஓட முடிந்தது. அது அந்த அணியின் அறிவு, அதில் குறை ஏதும் இல்லை. ஆயினும் பாயிண்ட் கார்டின் வேலையை முழுமையாகத் தன் ஒருவர் தோளில் சுமந்தவர் என்று பார்த்தால், மேஜிக்குக்கு இணையாக நான் யாரையும் கண்டதில்லை.

அவருடைய உயரம் 206 சென்டிமீட்டர். அந்தக் காலத்தில் அந்த உயரத்துக்காரர்களைக் கூடைக்கு அடியில் நிறுத்துவார்களே தவிர, பந்தைத் தட்டிக்கொண்டு போக விடமாட்டார்கள். தன்னைக் காப்பவரின் தலைக்கு மேலாக அவரால் களம் முழுவதையும் பார்க்க முடிந்தது. பார்த்ததை அவர் காட்டிக்கொடுக்க மாட்டார். முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கும், பந்து மறு பக்கம் போய்விடும். ஒரு மேட்சுக்குச் சராசரி 11.2 அசிஸ்ட் என்ற அவர் கணக்கு, அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் வரலாற்றிலேயே மிக உயர்ந்தது. அவர் வருவதற்கு முந்தைய சீசனில் அவருடைய லேக்கர்ஸ் அணி 47 மேட்சுகளில் வென்றிருந்தது. அவர் வந்த 1979-80 சீசனில் 60.

அந்த முதல் சீசனின் இறுதிச் சுற்றைத்தான் நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது. பிலடெல்பியாவுக்கு எதிரான ஐந்தாவது மேட்சில், லேக்கர்ஸின் சென்டர், அதாவது கூடைக்கு அடியில் ஆடுபவரான கரீம் அப்துல்-ஜப்பாருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஆறாவது மேட்சுக்கு அவரால் பயணம் செய்யவே முடியவில்லை. சென்டர் இடத்தில் யார் நிற்பது என்ற கேள்விக்கு, இருபதே வயதான மேஜிக் தானே போய் நின்றார். அன்று அவர் எடுத்தது 42 புள்ளிகள், 15 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது), 7 அசிஸ்டுகள். லேக்கர்ஸ் 123-107 என்று வென்று பட்டத்தையும் வாங்கியது. அந்த எண்ணிக்கையைவிட அதற்குப் பின்னாலிருக்கும் அறிவு எனக்கு முக்கியம். ஒரு சென்டர் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த உயரத்தில் பந்தை எதிர்பார்ப்பார் என்பதை ஓர் ஆண்டு முழுவதும் கரீமுக்குப் பந்து கொடுத்தே கற்றிருந்தவர், அன்று அந்த இடத்தில் போய் நின்றபோது தடுமாறவில்லை. அதனால்தான் முதலிடம்.

கேள்வி: மற்ற நால்வரையும் மேம்படுத்துபவரே நல்ல பாயிண்ட் கார்ட் என்று நீங்கள் முன்பும் எழுதியிருக்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வங்கியில் கணக்கோடு வாழ்ந்தவன் நான். அதை எப்படி அளப்பது?
(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், உதகமண்டலம்)

பதில்: முழுமையாக அளக்க முடியாது. ஆனால் ஒருவர் ஓர் அணிக்குள் வரும்போது அந்த அணிக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்க்கலாம். ஜேசன் கிட் வருவதற்கு முன், 2000-01 சீசனில், நியூ ஜெர்சி நெட்ஸ் 82 மேட்சுகளில் 26-ல் மட்டுமே வென்றது. அவர் வந்த அடுத்த சீசனில் 52. அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் இறுதிச் சுற்று வரை போனது. ஸ்டீவ் நாஷ் திரும்பி வருவதற்கு முன் ஃபீனிக்ஸ் சன்ஸ் 29 மேட்சுகளில் வென்றது. அவர் வந்த 2004-05-ல் 62. இரண்டு அணிகளிலும் வேறு மாற்றங்களும் நடந்தன என்பது உண்மை. ஆனால் இப்படி ஒரே ஆண்டில் இரட்டிப்பாவதற்குப் பக்கத்தில் இருந்தவர்கள் திடீரென்று திறமை பெற்றுவிட்டார்கள் என்று காரணம் சொல்ல முடியாது. அவர்களிடம் ஏற்கெனவே இருந்த திறமைக்குச் சரியான நேரத்தில் பந்து வந்து சேர்ந்தது.

நாஷ் இரண்டு முறை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியிருந்தும் கிட்டுக்குப் பின்னால் வைத்தது ஏன் என்று நீங்கள் கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறீர்கள். கிட் எதிரணியின் பந்தையும் பறிப்பார், ரீபவுண்டும் எடுப்பார், தன்னைவிடப் பெரியவர்களையும் தடுத்து நிற்பார். தடுப்பாட்டத்தில் நாஷ் அந்த அளவுக்கு இல்லை. ஷூட்டிங்கை மட்டும் வைத்துப் பார்த்தால் நாஷை மூன்றாமிடத்துக்கே கொண்டு போயிருப்பேன்.

கேள்வி: ஒரு பட்டம்கூட வாங்காத ஜான் ஸ்டாக்டன், இரண்டு பட்டம் வாங்கிய ஐசையா தாமஸுக்கு மேலே இருப்பது எந்த நியாயம்?
(தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், கோத்தகிரி)

பதில்: இந்தக் கேள்வியை மட்டும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டாக்டனின் மொத்த அசிஸ்ட் 15,806. இந்த எண்ணின் பருமன் சட்டென்று விளங்காது. ஓர் ஆட்டக்காரர் ஆண்டுக்கு 800 அசிஸ்ட் வீதம், அது இன்று யாருக்கும் எளிதில் கிட்டாத கணக்கு, 19 ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்தாலும் 15,200-தான் வரும். அவருக்கு அடுத்திருக்கும் கிறிஸ் பாலும், அவருக்கும் அடுத்த ஜேசன் கிட்டும் 12,000-ஐச் சற்றே தாண்டியவர்கள். பந்து பறிப்பதிலும் 3,265 என்று ஸ்டாக்டனே முதலில் நிற்கிறார். 19 சீசன்களும் ஒரே யூட்டா ஜாஸ் அணி. அத்தனை ஆண்டுகளில் அவர் ஆடாமல் விட்டது 22 மேட்சுகள் மட்டுமே. உயரம் 185 சென்டிமீட்டர், நம் ஊர்த் தெருவில் நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பட்டம் ஏன் இல்லை? 1997-லும் 1998-லும் இறுதிச் சுற்றுக்குப் போனார்கள். இரண்டு முறையும் எதிரே மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ். பட்டம் என்பது அணி வாங்குவது, அதிலும் எதிரே யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. 1997-ல் ஹூஸ்டனுக்கு எதிராக, 100-100 என்று சமமாக நின்ற மேட்சில், கடைசி நொடியில் மூன்று புள்ளி ஷாட்டைப் போட்டு ஜாஸை முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குக் கொண்டு சென்றவர் அவர்தான். எனவே நெருக்கடியில் கை நடுங்குபவர் என்று யாரும் சொல்ல முடியாது.

ஸ்டாக்டனை நான் புரிந்துகொண்டது தொலைக்காட்சியில் அல்ல, இங்கேதான். பல ஆண்டுகளுக்கு முன், குன்னூருக்குக் கீழே, தேயிலைச் சரிவை ஒட்டிய ஒரு சிமென்ட் மைதானத்தில் மாணவிகளுக்கான மேட்ச் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து களத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஒரு கூடையின் அடியில் நின்றால் மறு கூடை கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவர் நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். எங்கள் அணியில் பந்து வைத்திருந்த பெண், தட்டுவதை நிறுத்திவிட்டு, பந்தை இடுப்போரம் அணைத்துக்கொண்டு அரை நொடி அசையாமல் நின்றாள். ஈரச் சிமென்டில் ரப்பர்க் காலணி தேயும் கீச்சொலி வலப்பக்கம் கேட்டது. அந்த ஒலிக்கு இரண்டடி முன்னால், வெள்ளைப் புகைக்குள், மார்புயரத்தில் பந்தை எறிந்தாள். உள்ளேயிருந்து பலகையில் பந்து பட்ட சத்தம் வந்தது. பிறகு வலையின் சத்தம். அவளிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அவ ஓடுற சத்தம் எனக்குத் தெரியும் சார்" என்றாள்.

ஸ்டாக்டனும் கார்ல் மலோனும் 18 சீசன்கள் சேர்ந்து ஆடினார்கள். மலோன் ஸ்கிரீன் கொடுத்துவிட்டு, அதாவது ஸ்டாக்டனைக் காப்பவரின் வழியை உடலால் மறித்துவிட்டு, திரும்பி ஓடத் தொடங்கும்போதே, அவர் கைக்கு வர வேண்டிய இடத்தில் பந்து வந்து நிற்கும். பிக் அண்ட் ரோல் என்ற அந்த ஒரே ஆட்டத்தை ஊரறிய ஆயிரக்கணக்கான முறை ஆடினார்கள்; அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருந்தும் எதிரணிகளால் தடுக்க முடியவில்லை. அதைப் பார்த்த பிறகு, ஒரு கோப்பை இல்லை என்பதற்காக அவரைக் கீழே இறக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐசையா தாமஸைக் குறைத்து மதிப்பதாகவும் எண்ண வேண்டாம். 1988 இறுதிச் சுற்றின் ஆறாவது மேட்சில், மூன்றாம் கால் பகுதியில் கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டே அந்த ஒரு கால் பகுதியில் மட்டும் 25 புள்ளிகள் எடுத்தார். அவருடைய டெட்ராய்ட் அணி ஒரே ஒரு புள்ளியில், 103-102 என்று தோற்றது. அடுத்த மேட்சையும் தோற்றுப் பட்டத்தை இழந்தது. அதற்குப் பின் 1989, 1990 என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வென்று காட்டினார். நான்காமிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் இடையே இருப்பது ஒரு மயிரிழை.

கேள்வி: ஆஸ்கர் ராபர்ட்சன் ஒரு சீசன்தான் டிரிபிள்-டபுள் சராசரி வைத்திருந்தார். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் நான்கு சீசன் வைத்திருந்தார். வெஸ்ட்புரூக் உங்கள் பத்துப் பேரில்கூட இல்லையே?
(ஆட்டோ ஓட்டுநர், கூடலூர்)

பதில்: புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரண்டிலக்கம் எட்டுவதே டிரிபிள்-டபுள். 1961-62-ல் ராபர்ட்சன் ஒரு சீசன் முழுவதற்கும் 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் என்று சராசரி வைத்தார். அந்தக் காலத்தில் ஓர் அணி ஒரு மேட்சில் நூற்றுக்கும் மேற்பட்ட ஷாட்டுகள் எடுக்கும், அவற்றில் பாதிக்கு மேல் தவறும், ஆகவே ரீபவுண்டுக்குப் பஞ்சமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே காலத்தில் அதே வாய்ப்போடு ஆடிய வேறு யாரும் அதைச் செய்யவில்லை. அடுத்து அதைச் செய்ய 2016-17-ல் வெஸ்ட்புரூக் வர வேண்டியிருந்தது.

வெஸ்ட்புரூக்கின் உழைப்புக்கு முன் நான் தலைவணங்குகிறேன். மொத்த டிரிபிள்-டபுளில் ராபர்ட்சனின் 181-ஐ 2021-ல் தாண்டியவர் அவர். ஆனால் பந்தை இழப்பது அவருக்கு அதிகம். ஆட்டத்தின் வேகத்தைக் கூட்ட அவருக்குத் தெரியும், குறைக்கத் தெரியாது என்பது என் கருத்து. பாயிண்ட் கார்டுக்கு இரண்டும் வேண்டும்.

ராபர்ட்சனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்கள் சங்கத்தின் தலைவராக அவர் இருந்தபோது, 1970-ல் என்.பி.ஏ. மீது அவர் பெயரில் தொடுக்கப்பட்ட வழக்கு 1976-ல் சமரசத்தில் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைத் தன் உடைமைபோல் அணி பிடித்து வைத்திருந்த நிலை அதன் பிறகுதான் தளர்ந்தது. இது வரிசைக்கான மதிப்பெண் ஆகாது; என்றாலும் அவர் பெயரை எழுதும்போது எழுதாமல் விட முடியவில்லை.

கேள்வி: நம்மைப் போல் மலை மேல் இருக்கும் டென்வர் அணிக்குக் காற்றின் அடர்த்தி குறைவு சாதகம் என்கிறார்கள். உயரமான ஊரில் ஆடினால் பாயிண்ட் கார்டின் கணக்கு கூடுமா?
(விடுதி மேலாளர், கொடைக்கானல்)

பதில்: டென்வர் 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் ஊர் 2,100 மீட்டரையும், உதகை 2,200 மீட்டரையும் தாண்டியவை. சமவெளியிலிருந்து இங்கே மேட்ச் ஆட வரும் பிள்ளைகள் முதல் பாதி முடிவதற்குள் இடுப்பில் கை வைத்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இதையே ஆயுதமாக்க 1990-91 சீசனில் டென்வர் முயன்றது. எதிரணி மூச்சு வாங்கட்டும் என்று கண்மண் தெரியாத வேகத்தில் ஆடினார்கள். விளைவு விபரீதமானது: ஒரு மேட்சுக்குச் சராசரி 130-க்கும் மேல் புள்ளிகளை எதிரணிக்குக் கொடுத்து, 82-ல் 20 மேட்சுகள் மட்டுமே வென்றார்கள். அந்த டென்வருக்கு எதிராகத்தான், 1990 டிசம்பர் 30 அன்று, ஆர்லாண்டோவின் ஸ்காட் ஸ்கைல்ஸ் ஒரே மேட்சில் 30 அசிஸ்ட் கொடுத்தார். அது இன்றும் முறியடிக்கப்படாத சாதனை. நடந்த இடமோ மலையே இல்லாத ஃபுளோரிடா. ஸ்கைல்ஸ் நல்ல ஆட்டக்காரர். ஆனால் ஒரு நாள் கணக்கை வைத்து அவரை மேஜிக்குக்கோ ஸ்டாக்டனுக்கோ மேலே யாரும் வைப்பதில்லை. மெல்லிய காற்று மூச்சை வாங்கும், பாஸ் கொடுக்கத் தெரியாதவருக்கு அசிஸ்ட் தராது.

கேள்வி: ஆறு பட்டம் வாங்கிய பாப் கூசிக்குப் பத்தாமிடம்தானா? கேரி பேட்டன் எங்கே? ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் எங்கே?
(முன்னாள் ராணுவ வீரர், வெலிங்டன்)

பதில்: கூசி பந்தை முதுகுக்குப் பின்னால் தட்டிக் காட்டியிராவிட்டால் இந்த வரிசையில் மற்றவர்கள் ஆடிய ஆட்டமே வேறாக இருந்திருக்கும். தொடர்ந்து எட்டு சீசன் அசிஸ்டில் முதலிடம் பெற்றவர். ஆனால் அவர் எடுத்த ஷாட்டுகளில் பத்தில் நான்குகூடக் கூடைக்குள் விழவில்லை. ஆறு பட்டங்களும், பில் ரஸ்ஸல் என்ற சென்டர் அவர் அணிக்கு வந்த பிறகே கிடைத்தன. அந்தக் காலத்தில் பந்து பறிப்பதைக் கணக்கெடுக்கவே இல்லை, 1973-74 முதல்தான் எடுத்தார்கள். ஆகவே அவருக்கு நாம் முழு நீதி செய்ய முடியாது என்பதும் உண்மை.

பேட்டன் தடுப்பாட்டத்தில் இவர்கள் எல்லோரையும் மிஞ்சியவர், 1996-ல் அதற்கான விருதும் வாங்கினார். ஃப்ரேசியரா பேட்டனா என்று இரண்டு நாள் யோசித்தேன். 1970 இறுதிச் சுற்றின் ஏழாவது மேட்சில் ஃப்ரேசியர் எடுத்த 36 புள்ளியும் 19 அசிஸ்டும் தராசைச் சாய்த்துவிட்டன. கில்ஜஸ்-அலெக்சாண்டர் 2025-ல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பட்டமும் சேர்ந்து வாங்கியவர். ஆடிக்கொண்டிருப்பவர், இளையவர், ஐந்து ஆண்டு கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். அணியிலேயே நான்தான் குள்ளம், அதனால்தான் என்னைப் பாயிண்ட் கார்டாகப் போட்டிருக்கிறார்கள் என்று தோழிகள் சொல்கிறார்கள். வேறு இடத்துக்கு மாறிவிடலாமா? உங்கள் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. பெண்கள் தொழில்முறையாக ஆடுவதில்லையா?
(மாணவி, கோத்தகிரி அருகே)

பதில்: மகளே, உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் குற்றம் என்னுடையது. மாணவிகளுக்குப் பயிற்சி கொடுத்தே காலம் கழித்தவன், தொழில்முறைக் கூடைப்பந்து என்றதும் ஆண்களை மட்டுமே எண்ணிவிட்டேன். அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் 1997 முதல் நடக்கிறது. அதில் சியாட்டில் அணி ஒன்றுக்கே ஆடிய சூ பேர்ட், 3,234 அசிஸ்டோடு முதலிடத்தில் இருக்கிறார். 2004, 2010, 2018, 2020 என்று நான்கு பட்டங்கள்; முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் இடையே பதினாறு ஆண்டுகள். ஐந்து ஒலிம்பிக் தங்கங்கள். பக்கத்தில் ஆடியவர்கள் தலைமுறை தலைமுறையாக மாறியும், பந்து போக வேண்டிய இடம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. என் வரிசையில் ஸ்டாக்டனுக்கு அடுத்து, ஐந்தாவதாக அவரை இப்போது எழுதுகிறேன். மற்றவர்கள் ஓரிடம் இறங்குகிறார்கள். கூசி பத்துக்கு வெளியே போகிறார். வெலிங்டன் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கேயும் பார், சென்னைப் பெண்ணான அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றிருக்கிறார்.

இனி உன் உயரம். மக்ஸி போக்ஸ் என்பவர் ஐந்தடி மூன்று அங்குலம், உன்னைவிட இரண்டே அங்குலம் அதிகம்; என்.பி.ஏ.வில் 14 சீசன் ஆடினார். நான் முதலிடத்தில் வைத்திருக்கும் மேஜிக்கோ ஆறடி ஒன்பது அங்குலம். இந்த இரண்டு பேரும் ஆடிய இடம் ஒன்றே என்றால், உயரத்தை வைத்து அந்த இடத்தைக் கொடுப்பதோ பறிப்பதோ சரியாகாது. தரையோடு தாழ்ந்து போகும் பந்தைப் பறிக்க நெட்டையானவர்கள் குனிய வேண்டும். அந்த அளவில் உயரக் குறைவு உனக்குத் துணைதான். இடம் மாற வேண்டாம்.

நாளை முதல் மூன்று வேலை செய். இடக்கையால் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு களத்தை இருபது முறை கடந்து வா. அப்போது எதிரே ஒரு தோழியை நிறுத்தி விரல்களைக் காட்டச் சொல்லி, எத்தனை விரல் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டு. கண் தரைக்கு இறங்காது. காலைப் பனியில் சிமென்ட் ஈரமாக இருக்கும்போது தரையில் அடித்துக் கொடுக்கும் பாஸ் எழும்பாமல் வழுக்கிப் போகும், ஆகவே அப்போதெல்லாம் மார்புயரத்தில் நேராகக் கொடு. பந்தைத் துடைக்க ஒரு துண்டைக் களத்தோரம் வைத்துக்கொள்.

பிறகு எனக்கு மீண்டும் ஒரு கடிதம் எழுது. உன் அணியின் சென்டர் ஓடி வரும்போது பந்தை எந்தக் கையில் வாங்க விரும்புகிறாள், இடுப்பளவிலா தோளளவிலா என்பதைக் கேட்டறிந்து அதில் எழுதியிரு.